ராணியும் இரணியாவும்

2019 மார்ச்சில் அம்மா மாயவரத்திலிருந்து வதோதரா வந்திருந்தார். வந்து நாலாவது நாள் தங்கமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை புடவை கட்டுறது மாறியிருக்கு, கவனிச்சீங்களா?" என்றாள். எனக்கென்ன தெரியும்? அவள்தான் விளக்கினாள். எப்போதும் தொப்புளுக்கு நேரே சொருகுகிற கொசுவத்தை அம்மா இப்போது பக்கவாட்டில் தள்ளிச் சொருகுகிறார். முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொள்கிறார். அன்று இரவு அவளே அம்மாவிடம் பக்குவமாகக் கேட்டுவிட்டாள். தொப்புளுக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து நின்றால் வந்துவிடும். எட்டு வருஷமாக இருக்கிறதாம்.

எட்டு வருஷம்! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பேசுகிறேன். "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று நான் கேட்காத வாரம் இல்லை. "எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில் வராத வாரமும் இல்லை.

மறுநாள் பார்த்த டாக்டர் 'பாராஅம்பிலிகல் ஹெர்னியா' என்று எழுதிக் கொடுத்தார். அம்மா வாயில் அது உடனே 'இரணியா' ஆகிவிட்டது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இரணியனின் குடலை நரசிம்மர் உருவிய கதையை நினைத்தால், பெயர் ரொம்பவும் பொருந்தாமல் போய்விடவில்லை :-)

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. "ஓட்டையை மூடி, மேலே ஒரு வலை வைப்போம். பாலிப்ரொப்பிலீன்" என்றார் டாக்டர். நான் வேலை பார்ப்பதே பாலிமர் தொழிலில். பிளாஸ்டிக் குவளைக்கும் சர்க்கரை மூட்டைக்கும் போகிற சரக்கு அம்மாவின் வயிற்றுக்குள் போகப்போகிறது என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. தேடித்தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததில் கிடைத்த கதை இது. கதை முழுக்க பெண்கள் வருகிறார்கள், அதுவும் தங்கள் வலியை மறைத்த பெண்கள். அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதலில் இது என்ன வியாதி என்று பார்த்துவிடுவோம். நம் வயிற்றின் முன்பக்கத்தில் மார்பெலும்புக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை நடுவில் ஒரு வெண்மையான நார்ப்பட்டை ஓடுகிறது. இடது, வலது தசைகள் சேரும் தையல் மாதிரி. அந்தப் பட்டையில் தொப்புள் ஒரு பலவீனமான இடம். குழந்தைகளுக்கு வருவது தொப்புள் வளையம் சரியாக மூடாததால். பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். (நம் பாட்டிமார் காசை வைத்துத் துணியால் கட்டுவார்கள். குணமானால் பெயர் காசுக்குப் போகும்!) பெரியவர்களுக்கு வருவது வேறு. தொப்புளை ஒட்டி மேலேயோ கீழேயோ அந்த நார்ப்பட்டை விலகி ஓட்டை விழுகிறது. பல பிரசவங்கள், உடல் பருமன், வயிற்றில் நீர் கோர்ப்பது, இவையெல்லாம் காரணங்கள். பெண்களுக்கு இது அதிகம் வருவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் அது தானாக மூடாது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், ஓட்டையின் கழுத்து குறுகலாக இருப்பதில். முதலில் கொழுப்புத் திரைதான் பிதுங்கும். பிறகு ஒருநாள் குடலின் ஒரு வளைவு அதில் நுழைந்து சிக்கிக்கொள்ளும். இரத்தம் திரும்பும் நாளங்கள் முதலில் அடைபடும். குடல் வீங்கும், வீங்க வீங்க கழுத்து இன்னும் இறுகும். கடைசியில் இரத்த ஓட்டமே நின்று குடல் அழுகும். அதன் பிறகு கணக்கு மணிகளில்தான்.

இதற்கு அறுவை செய்வதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று ரோமானியரான செல்சஸ் எழுதியது, கி.பி. முதல் நூற்றாண்டு. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, பிதுங்கியதை உள்ளே தள்ளிவிட்டு, வெறும் தோல்பையின் அடியில் ஊசியில் இரட்டை நூல் கோத்து இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுவார்களாம். அல்லது இரண்டு குச்சிகளுக்கு நடுவே பிடித்துக் கட்டிவிடுவார்கள். கட்டியது அழுகி விழுந்துவிடும். இதில் செல்சஸ் போட்ட நிபந்தனையைக் கவனியுங்கள்: இது ஏழு வயது முதல் பதினாலு வயது வரை உள்ளவர்களுக்குத்தான். கைக்குழந்தைக்கும் கூடாது, பெரியவர்களுக்கும் கூடாது. அதாவது என் அம்மா வயதுக்காரருக்கு அவரிடம் வைத்தியம் இல்லை. பதினேழு நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதை லண்டன் அரண்மனையில் பார்க்கலாம்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலின். 1683-ல் ஜெர்மனியில் பிறந்தவர். படிப்பாளி, தத்துவவாதிகளோடு விவாதிப்பவர், அரசியலில் கணவரைவிடக் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். மருத்துவத்தில் பயந்தவரும் இல்லை. அம்மைக்கு அம்மைப்பாலையே குத்திக்கொள்ளும் முறை இங்கிலாந்தில் புதிதாக வந்த சமயம், ஊரே பயந்து நின்றபோது 1722-ல் தன் இரண்டு மகள்களுக்கு அதைப் போடச் செய்தவர். அதைப் பார்த்துத்தான் மேல்தட்டுக் குடும்பங்கள் பலவும் துணிந்தன.

அப்படிப்பட்டவருக்கு 1724 டிசம்பரில் கடைசிப் பெண் லூயிசா பிறந்தாள். அந்தப் பிரசவத்தோடு தொப்புளில் ஒரு பிதுக்கம் வந்தது. கரோலின் யாரிடமும் காட்டவில்லை. கணவருக்கு மட்டும் தெரியும், அவரையும் வாய் திறக்கக்கூடாது என்று கட்டிப்போட்டுவிட்டார். பதிமூன்று வருஷம் அப்படியே ஓடியது.

1737 நவம்பர் 9. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் புதிதாகக் கட்டிய தன் நூலகத்தில் இருந்தபோது கடுமையான வயிற்று வலி, வாந்தி. வைத்தியர்கள் வந்தார்கள். சூலை என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்த ஒருத்தியும் சொல்லவில்லை. ஓரிரு நாளில் மன்னரால் பொறுக்க முடியவில்லை. ரகசியத்தை உடைத்துவிட்டார். அறுவை மருத்துவர் ஜான் ரான்பி தொட்டுப் பார்த்தபோது விஷயம் கைமீறியிருந்தது. ரகசியம் வெளியான அந்த நேரத்தில் ராணி பதில் பேசாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாராம். அரண்மனையில் கூடவே இருந்த ஹார்வி பிரபுவின் நினைவுக்குறிப்புகளில் இது இருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து கண்டுபிடிக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நாளுக்கு நாள் கட்டு அவிழ்த்து அழுகியதை வெட்டினார்கள். அத்தனை கொடுமையிலும், மெழுகுவத்தியில் ஒரு வயதான வைத்தியரின் பொய்முடி தீப்பிடித்தபோது ராணி சிரித்தார் என்று ஒரு கதை உண்டு. குடல் வெடித்தது. நவம்பர் 20-ம் தேதி இறந்தார். வயது 54.

இதே காலத்தில், லண்டனுக்கு அருகே நியூவிங்டன் என்ற இடத்தில், ஒரு தர்மசாலையில் மார்கரெட் வைட் என்ற ஏழைக் கிழவி இருந்தார். ஐம்பதாவது வயதில் தொப்புளில் குடலிறக்கம், எழுபத்து மூன்றாவது வயதில் அது அழுகி வெடித்துக் குடல் வெளியே வந்துவிட்டது. போய்ப் பார்த்தவர் வில்லியம் செசெல்டன். 1727-ல் அதே கரோலின் ராணிக்கு அறுவை மருத்துவராக நியமிக்கப்பட்டவர்! தன் உடற்கூறு நூலில் இந்த நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபத்தாறரை அங்குலக் குடல் அழுகித் தொங்கியது. அழுகியதை வெட்டியெடுத்துவிட்டு, நல்ல குடலின் முனையைத் தொப்புளிலேயே விட்டுவிட்டார். அது அங்கேயே ஒட்டிக்கொண்டது. மலம் தொப்புள் வழியாக வெளியேற, கிழவி அதற்கப்புறமும் பல வருஷம் உயிரோடு இருந்தார்.

ராணி செத்து தர்மசாலைக் கிழவி பிழைத்ததற்குக் காரணம் வைத்தியம் மட்டும் என்று சொல்லமாட்டேன். அதிர்ஷ்டமும் உண்டு. கிழவியின் குடல் தானே வெளியே திறந்துகொண்டது, விஷம் உள்ளே தங்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து அறுவையால் அதிகபட்சம் என்ன முடியும் என்பதை இந்தக் கிழவி காட்டுகிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கதையின் கொடூரமான பகுதி இனிமேல்தான். எந்தப் பிரசவத்தில் கரோலினுக்கு அந்தப் பிதுக்கம் வந்ததோ, அதில் பிறந்த லூயிசா டென்மார்க் இளவரசர் ஃபிரெடெரிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு கோபன்ஹேகன் போனாள். பிறகு ராணியானாள். அன்னிய தேசத்தில், டேனிஷ் மொழி கற்றுப் பேசி, ஜனங்களிடம் நல்ல பெயர் வாங்கியவள். 1751-ல் மறுபடி கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கும் தொப்புள் குடலிறக்கம் சிக்கிக்கொண்டது. அரண்மனை மருத்துவர் அறுத்துப் பார்த்தும் பலனில்லை. டிசம்பர் 19-ம் தேதி, இருபத்தேழாவது பிறந்தநாளுக்கு மறுநாள், வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். அம்மா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு என்ன ஆனது என்று தெரிந்தே வளர்ந்த பெண். அரண்மனையும் வைத்தியர்களும் சுற்றி இருந்தும் அம்மாவும் மகளும் ஒரே வியாதியில் பதினாலு வருஷ இடைவெளியில் போனார்கள்.

அடுத்த நூறு வருஷத்தில் உடற்கூறு தெளிவானது. ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேயர் 1804-லும் 1807-லும் குடலிறக்கம் பற்றி இரண்டு பெரிய பாகங்கள் எழுதினார். என்ன தெரிந்து என்ன, நோயாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் திண்டு வைத்த இடுப்புக்கச்சைதான். வயிற்றைத் திறந்தால் வலியாலோ சீழாலோ சாவு. இரண்டு கதவுகள் திறந்த பிறகுதான் வழி பிறந்தது. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கம். 1867-ல் லிஸ்டர் வெளியிட்ட கார்பாலிக் அமிலக் கிருமிநாசினி முறை.

அதற்குப் பிறகு வந்தவர்தான் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராச்செஸ்டர் என்ற சிற்றூரில் இருந்த வில்லியம் மேயோ. இன்று உலகமே அறிந்த மேயோ மருத்துவமனையின் சகோதரர்களில் மூத்தவர். பெரியவர்களின் தொப்புள் குடலிறக்கத்துக்குப் புதிய வழி ஒன்றை 1901-ல் எழுதினார். பிதுங்கிய பையை வெட்டி நீக்கிவிட்டு, ஓட்டையின் விளிம்புகளை முனையோடு முனை சேர்க்காமல், மேல் மடலைக் கீழ் மடலுக்கு மேலே ஏற்றித் தைப்பது. வேட்டிக்கு மேலே சட்டை தொங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சுவருக்குப் பதில் இரட்டைச் சுவர். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு அறுவைப் பாடநூல்களில் இதுதான் முறை.

ஆனால் ஒரு சிக்கல். ஏற்கெனவே பலவீனமான திசுவை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு மடிப்பு. இருமும்போதும் கனம் தூக்கும்போதும் அந்த இழுவை முழுக்கத் தையலில் விழுகிறது. நூல் அறுவதில்லை, திசுதான் நூலால் அறுபடுகிறது. பழைய துணியில் ஒட்டுப்போடாமல் இழுத்துத் தைத்தால் பக்கத்தில் கிழியும் என்று அம்மாவுக்குத் தெரியும்! அறுவை மருத்துவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒட்டுப்போட நல்ல துணி கிடைக்கவில்லை. வெள்ளிக் கம்பி, டான்டலம் உலோக வலை எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். உலோகம் நாளடைவில் முறிந்தது.

துணி கிடைத்த இடம் என் தொழில். 1950-களில் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம் 'மார்லெக்ஸ்' என்ற பெயரில் புதுப் பாலிஎத்திலீனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1958-ல் அமெரிக்காவையே பிடித்து ஆட்டிய ஹுலா ஹூப் வளையங்களைச் செய்தது இதில்தான். அதே 1958-ல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் அஷர் என்ற அறுவை மருத்துவர், மார்லெக்ஸ் நூலில் நெய்த வலையைக் குடலிறக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். ஒரு பக்கம் இடுப்பைச் சுற்றி ஆட்டம், இன்னொரு பக்கம் வயிற்றுக்குள் ஒட்டு! 1960-களில் பாலிஎத்திலீனுக்குப் பதில் பாலிப்ரொப்பிலீனுக்கும், நெய்த வலைக்குப் பதில் பின்னிய வலைக்கும் மாறினார். பின்னல் வலையை எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியாது. சூட்டில் கிருமி நீக்கவும் பாலிப்ரொப்பிலீன் தாங்கும்.

வலை எப்படி வேலை செய்கிறது? அது வெறும் அடைப்பு இல்லை. அதன் கண்களுக்குள் உடலின் சொந்தத் திசு வளர்ந்து புகுந்து, வலையும் சதையும் ஒன்றாகிவிடும். சிமென்ட்டுக்குள் கம்பி மாதிரி. இழுத்துத் தைக்க வேண்டியதும் இல்லை. சில சமயம் நீர் கோர்க்கும், சீழ் பிடிக்கும், குடலில் நேரடியாக ஒட்டினால் தொல்லை. அதனால் எந்த அடுக்கில் வைப்பது என்பதிலேயே பெரிய விவாதம் நடந்தது. 1993-ல் கார்ல் லெப்ளாங்க் என்பவர் லேப்ராஸ்கோப் வழியாக வலை வைப்பதைப் பற்றி எழுதியதும் இன்னொரு வழி திறந்தது.

இருந்தாலும் தொப்புள் ஓட்டை சின்னதுதானே, தைத்தால் போதாதா என்று பலர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2001-ல் ஸ்பெயினிலிருந்து பதில் வந்தது. 200 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தையல், பாதிப் பேருக்கு வலை. தையல் குழுவில் 11 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, வலைக் குழுவில் 1 சதவீதம். 2018-ல் ஐரோப்பாவில் 300 பேரிடம், ஒன்று முதல் நாலு சென்டிமீட்டர் ஓட்டைகளுக்குச் செய்த சோதனையில் 12-க்கு 4 சதவீதம். 2020-ல் வந்த ஐரோப்பிய, அமெரிக்கக் குடலிறக்கச் சங்கங்களின் வழிகாட்டுதலும் பொதுவாக வலையைத்தான் சொல்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவானால் தையலை யோசிக்கலாம்.

இதில் நம் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. ஊருக்குப் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸில் சூரத் தாண்டி ஜல்காவ் வருவதற்குள் தோண்டாயிச்சா என்று மகாராஷ்டிர ஊர் ஒன்று வரும். எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன். அங்கே ரவீந்திரநாத் டோங்காவ்ங்கர் என்ற அறுவை மருத்துவர், கம்பெனி வலை வாங்க வழியில்லாத கிராமத்து நோயாளிகளுக்காகக் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி வைத்துத் தைத்தார். வேறு மருத்துவர்களோடு சேர்ந்து 2003-ல் இந்திய அறுவை மருத்துவ இதழில் அதன் பலனை வெளியிட்டார். 2016-ல் உகாண்டாவில் 302 ஆண்களிடம், அரைப் பகுதிக் குடலிறக்கத்துக்குக் கொசுவலை வகைத் துணியையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டார்கள். பலனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. விலையில்? கொசுவலைத் துண்டு ஒரு டாலர் அளவு, கம்பெனி வலை நூறு டாலருக்கு மேல். அடுத்த தடவை நவஜீவனில் போகும்போது அந்த ஸ்டேஷனில் விழித்திருந்து பார்க்கவேண்டும்.

அம்மாவுக்கு ஏப்ரல் முதல் வாரம் ஆபரேஷன் நடந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் நடந்தார், மூன்றாம் நாள் வீட்டில் ரசஞ்சாதம். "இவ்வளவுதானாடா?" என்றார். எனக்கு அந்தப் பதினோரு நாளாகத் துடித்த ராணிதான் ஞாபகம் வந்தார். அவர் அன்றே சொல்லியிருந்தாலும் 1737-ல் அவருக்குக் கொடுக்க அதிகம் இல்லை. ஒரு கச்சை கொடுத்திருப்பார்கள், சூலை என்று தவறாக வைத்தியம் பார்த்த அந்த இரண்டு நாள் மிஞ்சியிருக்கும். என் அம்மாவுக்குக் கொடுக்க எல்லாம் இருந்தது, எட்டு வருஷமும் இருந்தது. அவரும் சொல்லவில்லை.

ஏம்மா சொல்லலை என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். "ஆம்பளை டாக்டர்ட்ட வயித்தைத் திறந்து காட்டணும்னு ஒரு கூச்சம். சொன்னா நீ லீவு போட்டு ஓடி வருவே. நான் படுத்துட்டா அப்பாவுக்கு யாரு சோறு போடுவா?" என்றார். ஊரில் வலி வந்தபோதெல்லாம் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சுளுக்கென்று வலித்து வீக்கம் கல்லாகி, உள்ளே போகாமல் ஒரு ராத்திரி முழுக்க இருந்ததும் உண்டாம், விடிகாலையில் தானே அமுங்கிவிட்டதாம். அந்த ராத்திரி நான் வதோதராவில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

போனில் "எப்படி இருக்கே" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். இப்போது நாங்கள் கேள்வியை மாற்றிவிட்டோம். நான் கேட்பதைவிட தங்கமணி கேட்டால் பதில் வருகிறது. "அத்தை, எங்கயாவது வீக்கம் இருக்கா, மறைச்சு வச்சிருக்கீங்களா?" என்று நேரடியாகவே கேட்கிறாள். போன மாதம் மாயவரத்தில் எங்கள் சித்திக்கும் இதே வீக்கம் என்று அம்மாவே போனில் சொன்னார். சித்தி யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தாராம். "நான் சத்தியத்தை மீறிட்டேன்டா, நீ டாக்டரைப் பாரு" என்றார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வீக்கம் திடீரென்று கல்லாகி, வலித்து, உள்ளே போகாமல், வாந்தி வந்தால், இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொசுவலைக் கதையைப் படித்துவிட்டு யாரும் கடைக்குப் போகவேண்டாம் :-)